சட்டம் காக்கும் இரகசியமும் நியாயமான விசாரணையும்

ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கச் செயலாளர் கேட்டபோது யாம் சற்றுத் தயங்கினோம். பத்தாம் வகுப்புத் தேறியதோடு எம் படிப்பு நின்றுவிட்டது. பகலெல்லாம் பார்சல் ரசீதும் கணக்கும் பார்ப்பது எம் தொழில். திருக்கோயில் வரலாறும் மன்னர் வரலாறும் எழுதுவதற்கு நம் சங்கத்தில் கற்றோர் பலர் உள்ளனர். ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி, சட்டத்தின் வரலாற்றிலே ஒரு மூலையைத் துருவிப் பார்க்குமாறு எம்மைத் தூண்டிற்று. அவ்வாறு தேடியறிந்தவற்றைக் காலனி அன்பர்கள் முன் பணிவோடு வைக்கிறோம். பிழையிருப்பின் அறிந்தோர் பொறுத்தருள்க.

கூலி வேலை தேடித் திருப்பதிக்கு வந்திருந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் மீது களவு வழக்கு ஒன்று வந்தது. அவருக்குத் தெலுங்கு தெரியாது. அவருக்கு அமைந்த வக்கீலுக்கோ வழக்கு நடத்துமளவுக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர் ஒருவர் வேண்டுமென்று காலனிக்குச் செய்தி வந்தது. அன்று எமக்கு வார ஓய்வு நாள். ஆகவே யாம் சென்றோம். வக்கீல் எம்மை அமரச் செய்து, முதலில் ஒரு செய்தியைக் கூறினார்: “ஐயா, இவர் உங்களிடம் சொல்வது என்னிடம் சொல்வதே ஆகும். இந்த வாசற்படிக்கு அப்பால் அதில் ஒரு சொல்லும் போகலாகாது. சட்டம் என் வாயைக் கட்டியிருப்பது போலவே உங்கள் வாயையும் கட்டியிருக்கிறது.”

யாம் அதைத் தமிழில் கூறினோம். பெரியவர் எம் முகத்தை நெடுநேரம் பார்த்தார். “நான் சொல்றதைப் போலீசுக்குச் சொல்லிட மாட்டீங்களே, சாமி?” என்று கேட்டார். மாட்டோமென்று உறுதி கூறினோம். அதன் பிறகே அவர் வாய் திறந்தார். ஒரு மணி நேரம் பேசினார்.

அவர் பேசியது என்னவென்று காலனியில் பலர் கேட்டனர், வீட்டிலும் கேட்டனர். யாம் சொல்லவில்லை. இக்கட்டுரையிலும் சொல்லப் போவதில்லை. வழக்கு விடுதலையில் முடிந்தது. பெரியவரும் ஊர் போய்ச் சேர்ந்தார். ஆனால் அன்று மாலை வீடு திரும்பும் வழியில் எம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. இவ்வாறு பூட்டிய அறையில் ஒருவன் தன் வக்கீலிடம் கூறும் சொற்களுள், குற்றமற்ற வேறொருவனைச் சிறையினின்றும் மீட்கக்கூடிய சொல் ஒன்று இருந்தால் என் செய்வது? கேட்டவர் வாய்மூடி இருப்பதா? சொன்னவனைக் காட்டிக்கொடுப்பதா? அந்தப் பெரியவர் சொன்னதில் அத்தகைய சொல் இருந்ததென்றும் இல்லையென்றும் யாம் கூறவில்லை. கேள்வி மட்டும் இன்றளவும் எம்மோடு இருக்கிறது.

சட்டத்தின் பிறப்பு

வக்கீல் அன்று கூறியது வெறும் ஒழுக்க உபதேசமன்று, எழுதப்பட்ட சட்டமே. 1872-ஆம் ஆண்டின் முதலாவது சட்டமாக இயற்றப்பட்ட இந்திய சாட்சியச் சட்டம், அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அக்காலத்தில் நம் சித்தூர், வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகராக விளங்கியது. சென்னையில் எந்தச் சட்டம் செல்லுபடியானதோ அதே சட்டந்தான் சித்தூர்க் கச்சேரியிலும் செல்லுபடியாயிற்று.

அச்சட்டத்தின் 126-ஆம் பிரிவு, கட்சிக்காரர் தொழில் முறையில் தம் வக்கீலிடம் கூறியதை அவருடைய வெளிப்படையான சம்மதமின்றி வக்கீல் வெளியிடலாகாது என்றது. வழக்கு முடிந்த பின்னரும், வக்கீல் வேலை நின்ற பின்னரும் இந்தக் கடமை நீங்காது. அடுத்த 127-ஆம் பிரிவே எம் போன்றோருக்கு உரியது. மொழிபெயர்ப்பாளர், வக்கீல் குமாஸ்தா, வக்கீலின் பணியாளர் ஆகியோரையும் அது அதே கடமைக்குள் கொண்டு வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த துபாஷி ஒருவனின் நாவையும் சட்டம் மறவாது கட்டி வைத்திருக்கிறது என்பதை அறிந்தபோது, எமக்கு வியப்பும் அச்சமும் ஒருங்கே தோன்றின.

இச்சட்டத்தை வரைந்தவர், வைசிராயின் சபையில் 1869 முதல் 1872 வரை சட்ட உறுப்பினராயிருந்த சர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். அவர் பிரிவோடு உதாரணங்களையும் சேர்த்து எழுதினார். அவை கதை போல் தெளிவானவை. ஒருவன் வக்கீலிடம் வந்து, “நான் கள்ளப் பத்திரம் எழுதிவிட்டேன், எனக்காக வாதாட வேண்டும்” என்கிறான். இச்சொல் காக்கப்படும், ஏனெனில் குற்றவாளி என்று அறியப்பட்டவனுக்காக வாதாடுவதும் குற்றமன்று. மற்றொருவன் வந்து, “இந்தக் கள்ளப் பத்திரத்தைக் கொண்டு ஒரு சொத்தை நான் கைப்பற்ற வேண்டும், வழக்குத் தொடருங்கள்” என்கிறான். இச்சொல் காக்கப்படாது. நடந்து முடிந்த பாவத்தைச் சொல்லி அடைக்கலம் புகுபவனுக்கும், இனிச் செய்யவிருக்கும் பாவத்துக்குத் துணை தேடுபவனுக்கும் உள்ள வேறுபாடு அது.

மூன்றாவது உதாரணமும் உண்டு. பணம் கையாடியதாகக் குற்றஞ் சாட்டப்பட்டவனுக்கு வக்கீல் வாதாடி வருகிறார். வழக்கின் நடுவே கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும்போது, தாம் வழக்கை ஏற்றபோது இல்லாத ஒரு பதிவு புதிதாக ஏறியிருப்பதைக் காண்கிறார். அதுவும் காக்கப்படாது. கணக்கெழுதிப் பிழைக்கும் எமக்கு இவ்வுதாரணம் சட்டென விளங்கிற்று.

ஏன் இந்தக் காப்பு?

ஆங்கில நாட்டில் இவ்வழக்கம் எலிசபெத் அரசியார் காலமாகிய பதினாறாம் நூற்றாண்டிலேயே காணப்படுகிறது. முதலில் அது வக்கீலின் மானத்தைக் காக்கும் உரிமையாகக் கருதப்பட்டது. கனவான் ஒருவர் நம்பிக்கையைக் காட்டிக்கொடுக்கலாகாது என்பது அதன் கருத்து. பின்னர் அக்கருத்து மாறியது. 1833-இல் பிரூம் பிரபு ஒரு வழக்கில் இதன் காரணத்தைத் தெளிவாக்கினார். சட்டம் அறிந்தோர் துணையின்றி நீதி பரிபாலனம் நடவாது. உள்ளதை உள்ளவாறு சொல்ல அஞ்சுபவனுக்கு எந்த அறிஞரும் துணை செய்ய இயலாது. ஆகவே இக்காப்பு வக்கீலின் சிறப்புக்காக ஏற்பட்டதன்று, நீதியின் நன்மைக்காக ஏற்பட்டது என்பதே அவர் கூறியதன் சாரம். இன்று இவ்வுரிமை வக்கீலுக்கன்றிக் கட்சிக்காரருக்கே உரியதென்பது யாவரும் ஒப்பிய முடிவு.

இதை எண்ணிப் பார்ப்பின் ஓர் உண்மை புலப்படும். இரகசியக் காப்பு நியாயமான விசாரணைக்குப் பகையாகப் பிறக்கவில்லை. அதன் தூண்களுள் ஒன்றாகவே பிறந்தது. அன்று அந்தப் பெரியவர் எம் முகத்தைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு உறுதியான விடை இல்லாதிருந்தால் அவர் வாய் திறந்திருக்க மாட்டார். வாய் திறவாதவனுக்கு வக்கீல் இருந்தும் இல்லாததற்கு ஒப்பே.

ஸ்டீபன் இந்தியாவிலிருந்து தாய்நாடு திரும்பி, 1879-இல் நீதிபதியானார். 1884-இல் ஒரு வழக்கு அவர் முன் வந்தது. ரெயில்டன் என்பவர் மீது அவதூறு வழக்கில் பணம் செலுத்தும்படி தீர்ப்பாயிற்று. அவரும் அவர் கூட்டாளி காக்ஸ் என்பவரும் ஒரு வக்கீலிடம் சென்று, சொத்தைத் தப்புவிக்க வழி கேட்டனர். பின்னர் கூட்டு வியாபாரம் முன்னமே கலைந்துவிட்டதாகக் காட்ட முன்தேதியிட்டு ஓர் ஏற்பாடு செய்தனர். வக்கீலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றலாமா என்பது கேள்வி. ஏற்றலாம் என்று ஸ்டீபன் தீர்ப்புரைத்தார். மோசடிக்கு வழி கேட்பது வக்கீல் தொழிலைச் சார்ந்ததாகாது. ஆகவே அங்கே காப்புக்கும் இடமில்லை என்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தியச் சட்டத்தில் உதாரணமாக எழுதியதை, இங்கிலாந்தில் தீர்ப்பாகவும் எழுதும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது.

சர்க்காரின் இரகசியம்

இரகசியத்தில் மற்றொரு வகையும் உண்டு. அது சர்க்கார் காக்கும் இரகசியம். குற்றம் பற்றிய துப்பு யாரிடமிருந்து வந்ததென்று சொல்லும்படி போலீஸ் அதிகாரியைக் கட்டாயப்படுத்தலாகாது என்று 125-ஆம் பிரிவு கூறியது. புலன்விசாரணை அதிகாரி நாள்தோறும் எழுதும் கேஸ் டைரியைக் கோர்ட்டு வரவழைத்துப் பார்க்கலாம். எதிரி கேட்டுப் பெற முடியாது. அதிகாரியே தம் நினைவைப் புதுப்பிக்க அதைப் பார்த்தாலன்றி, அல்லது அவர் கூற்றை மறுக்கக் கோர்ட்டு அதைப் பயன்படுத்தினாலன்றி, எதிரிக்கு அதில் பார்வையுரிமை இல்லை. துப்புக் கொடுத்தவர் உயிருக்கு ஊறு நேரக்கூடாது என்பதும் விசாரணையின் போக்கு வெளிப்படலாகாது என்பதும் இவற்றுக்குச் சொல்லும் காரணங்கள். காரணங்கள் நல்லவையே. ஆயினும் பூட்டுக்குள் இருப்பது எதிரியின் உயிரைக் காக்கும் ஏடாயிருப்பின்?

இக்கேள்விக்கு நம் ஆந்திர மண்ணிலேயே ஒரு வழக்கு உண்டு. அது குண்டூர் ஜில்லாவில் நடந்த கலகத்தையும் கொலையையும் பற்றியது. புலுகூரி கோட்டய்யா வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் பெயர் பெற்றது. குண்டூரும் சித்தூரும் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. குண்டூர் செஷன்ஸ் கோர்ட்டிலிருந்து சென்னை ஐகோர்ட்டுக்கும், அங்கிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கும் அவ்வழக்குச் சென்றது. 1946-இல் சர் ஜான் போமான்ட் தீர்ப்பை வாசித்தார்.

சாட்சிகளைச் சப்-இன்ஸ்பெக்டர் முதலில் விசாரித்துத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பின்னர் சர்க்கிள் இன்ஸ்பெக்டரும் விசாரித்து எழுதினார். பின்னவர் எழுதியது எதிரிகளுக்குக் கிடைத்தது. முன்னவர் எழுதியதோ உரிய காலத்தில் கிடைக்கவில்லை. அந்தக் குறிப்பேடு கோர்ட்டுக்கு வந்தபோது, குறுக்கு விசாரணைக்குப் பயன்படுத்தும் காலம் கடந்துவிட்டது. சாட்சி முதல் நாள் ஒன்றும் மறுநாள் ஒன்றும் கூறினானா என்று கேட்பதற்கு அந்த ஏடு இன்றியமையாதது அன்றோ?

அந்த உரிமை மிகவும் மதிப்புள்ளதென்று பிரிவி கவுன்சில் உரைத்தது. அத்தகைய வாக்குமூலம் எதிரிக்கு அறவே கிடைக்காமற்போனால், அவனுக்குத் தீங்கு நேர்ந்தது என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டியிருக்கும் என்றும் கூறிற்று. எனினும் அவ்வழக்கில் சர்க்கிள் இன்ஸ்பெக்டர் எழுதியது கிடைத்திருந்தமையாலும், குறிப்பேடும் இறுதியில் வெளிவந்தமையாலும், அக்குறையால் மட்டும் விசாரணை கெட்டுவிடவில்லை என்று முடிவு செய்தது. சட்டம் படிப்போர் இவ்வழக்கைப் பெரும்பாலும் சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுக்காகவே நினைவு கூர்வர். எம் நினைவில் நிற்பது அந்தச் சப்-இன்ஸ்பெக்டரின் குறிப்பேடே.

சுதந்திரத்துக்குப் பின் இந்நிலை சீர்பட்டது. 1955-இல் குற்ற நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, சாட்சிகளின் வாக்குமூல நகல்களை விசாரணை தொடங்குமுன் எதிரிக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டுமென்று விதியாயிற்று. 1973-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தொடர்ந்தது. அன்று கேட்டும் உரிய வேளையில் பெற முடியாதது, இன்று கேளாமலே பெற வேண்டியதாயிருக்கிறது. கேஸ் டைரி மட்டும் இன்னும் பூட்டுக்குள்ளேயே உள்ளது.

இடையில் நம் ஊரின் நிலையும் மாறியது. 1911 ஏப்ரல் 1-இல் சித்தூர் தனி ஜில்லாவாயிற்று. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர ராஜ்யத்தோடு சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குச் சென்றது. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி மாவட்டமாயிற்று. அப்பீல் என்றால் ரயிலேறிச் சென்னைக்குப் போய்வந்த நம் முன்னோரின் வழக்குகள், 1954-இல் குண்டூருக்கும், 1956-இல் ஹைதராபாதுக்கும், 2019-இல் அமராவதிக்கும் திசை மாறின. எல்லை மாறிய போதும், மேல்கோர்ட்டு இடம் மாறிய போதும், 126-ஆம் பிரிவு மட்டும் மாறவில்லை.

இரு காப்புகள் மோதும்போது

இனி எம் முதற் கேள்விக்கு வருவோம். ஒருவன் தன் வக்கீலிடம் சொன்ன சொல், மற்றொருவனின் விடுதலைக்கு வேண்டியதாயின் என் செய்வது? இக்கேள்வியை உலகின் மூன்று நாடுகள் எதிர்கொண்ட விதம் அறியத்தக்கது.

இங்கிலாந்தில் 1978-இல் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி கொலையுண்டாள். பிடிபட்ட இளைஞன் முதலில் தானே கொன்றதாக ஒப்புக்கொண்டான். பின்னர் அதை மாற்றி, அப்பெண்ணின் மாற்றாந்தந்தையே கொன்றார் என்றான். அவன் விடுதலையானான். பல்லாண்டு கழித்து, மாற்றாந்தந்தை மீது வழக்கு வந்தது. அதே இளைஞன் இப்போது சர்க்கார் தரப்புச் சாட்சி. முதற் கதையை மாற்றுமுன் அவன் தன் வக்கீலிடம் என்ன கூறினான் என்பதை அறிய எதிரியின் வக்கீல் விரும்பினார். டெர்பி நகர மாஜிஸ்திரேட்டும் அந்தக் குறிப்புகளைக் கொண்டுவர உத்தரவிட்டார். 1995-இல் பிரபுக்கள் சபை அவ்வுத்தரவை நீக்கியது. இக்காப்பை வழக்குக்கு வழக்கு நிறுத்துப் பார்க்கத் தொடங்கினால், இனி எந்தக் கட்சிக்காரனும் வக்கீலை நம்பமாட்டான்; ஆகவே இது விலக்கில்லாத காப்பு என்பது அதன் முடிவு. எதிரியின் பக்கம் நின்று முன்னர் வழங்கப்பட்டிருந்த 1972, 1988 ஆண்டுகளின் தீர்ப்புகளும் அதனால் செல்லாதவையாயின.

அமெரிக்காவில் நடந்தது உள்ளத்தை உருக்குவது. 1982 ஜனவரியில் சிக்காகோ நகரத்து உணவு விடுதி ஒன்றில் காவலாளி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆல்டன் லோகன் என்பவர் பிடிபட்டார். சில வாரங்களில் வேறொரு கொலை வழக்கில் சிக்கிய ஒருவன், சர்க்கார் அமர்த்திய தன் வக்கீல்கள் இருவரிடம், அந்தக் காவலாளியைச் சுட்டவன் தானே என்று ஒப்புக்கொண்டான். வக்கீல்கள் திகைத்தனர். சொன்னால் கட்சிக்காரனைத் தூக்குக்கு அனுப்புவதாகும்; சொல்லாவிடில் குற்றமற்றவன் சிறையில் மடிவான். ஒரு பிரமாண வாக்குமூலம் எழுதி, முத்திரையிட்டு, உலோகப் பெட்டி ஒன்றில் பூட்டினர். அப்பெட்டி அவ்வக்கீல்களுள் ஒருவரின் கட்டிலடியில் கிடந்தது. தாம் இறந்தபின் வெளியிடலாம் என்ற சம்மதத்தை மட்டும் கட்சிக்காரனிடம் பெற்றனர். லோகனுக்கு மரணதண்டனை விதித்தால் எப்படியும் வாய் திறப்பதென்று உறுதி கொண்டனர். ஜூரிகளுள் இருவர் இணங்காமையால் ஆயுள் தண்டனையே விதிக்கப்பட்டது, வக்கீல்களும் வாய்மூடினர். கட்சிக்காரன் 2007-இல் சிறையிலேயே இறந்தான். 2008-இல் பெட்டி திறந்தது. லோகன் வெளியே வந்தார். இடையே கழிந்தவை இருபத்தாறு ஆண்டுகள்!

அந்த வக்கீல்களைக் கொடியவர் என்று யாம் சொல்லத் துணியோம். இருபத்தாறு ஆண்டுகள் அந்தக் கட்டிலின் மேல் உறங்கியவருக்கு உறக்கம் எளிதில் வந்திருக்குமோ? ஆயினும் லோகனின் இருபத்தாறு ஆண்டுகளை யார் திருப்பித் தருவர்?

கனடா நாடு மூன்றாவது வழியைக் கண்டது. 2001-இல் மக்ளூர் என்பவர் வழக்கில் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, காப்பு ஏறக்குறைய முழுமையானதே என்று ஒப்பிற்று. ஆனால் குற்றமற்றவன் தண்டனை அடையும் நிலையில் மட்டும் ஒரு சிறு வாயிலைத் திறந்து வைத்தது. அந்தச் செய்தி வேறு எவ்வழியிலும் கிடைக்கலாகாது. அஃதின்றி எதிரி தன்மீதுள்ள குற்றத்தில் ஐயத்தை எழுப்ப இயலாதிருக்க வேண்டும். முதலில் நீதிபதி மட்டுமே அதைத் தனியே பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு மற்றொரு தீர்ப்பில், அவ்வாறு வெளிவந்த சொல்லைச் சொன்னவனுக்கு எதிராகப் பயன்படுத்தலாகாது என்றும் காப்பளித்தது. பூட்டு உண்டு, சாவியும் உண்டு, ஆனால் சாவி நீதிபதியின் கையில் மட்டும்.

நம் நாட்டின் இன்றைய நிலை

1872-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்து, 2024 ஜூலை 1-இல் ஓய்வு பெற்றது. அதன் இடத்துக்குப் பாரதிய சாட்சிய அதினியம் வந்தது. பழைய 126, 127-ஆம் பிரிவுகள் இன்று அதன் 132-ஆம் பிரிவில் அடங்கியுள்ளன. மொழிபெயர்ப்பாளரை அதுவும் மறக்கவில்லை. சட்டவிரோத நோக்கத்துக்காகச் சொன்னதும், வக்கீல் பணியேற்ற பின் நடந்த குற்றத்தையோ மோசடியையோ அவர் கண்டதும் முன் போலவே விலக்குகள். குற்றமற்ற வேறொருவனை மீட்பதற்கென்று தனி விலக்கு ஒன்று அப்பிரிவில் எழுதப்பட்டிருக்கவில்லை.

2025-இல் இப்பிரிவு நாடெங்கும் பேசப்பட்டது. தாம் அளித்த சட்ட ஆலோசனைக்காகச் சென்னையின் மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாதாருக்கு அமலாக்கத் துறை ஆஜராகும்படி அறிவிப்பு அனுப்பியது. எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றது. டில்லியில் மற்றொரு மூத்த வழக்கறிஞருக்கும் அவ்வாறே நேர்ந்தது. சுப்ரீம் கோர்ட்டு இப்பொருளைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டு, 2025 அக்டோபர் 31-இல் தீர்ப்பளித்தது. கட்சிக்காரனின் வழக்கை அறிவதற்காக வக்கீலை அழைக்கலாகாது. 132-ஆம் பிரிவின் விலக்குகளுள் ஒன்று பொருந்தினாலன்றி அழைப்பு செல்லாது. பொருந்துமாயினும் போலீஸ் சூப்பிரண்டு பதவிக்குக் குறையாத மேலதிகாரியின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும் என்பன அதன் கட்டளைகள். வழக்கில் நேரே நிற்காமல் நிறுவனத்தில் சம்பளம் பெறும் சட்ட அதிகாரிக்கு இப்பிரிவின் காப்பு இல்லை என்றும் அத்தீர்ப்பு கூறியது.

இது போலீசுக்கும் வக்கீலுக்கும் இடையிலான எல்லையைத் தெளிவாக்கிற்று. எதிரிக்கும் எதிரிக்கும் இடையில் எழும் எமது கேள்வியோ அங்கே எழவில்லை.

நமக்கு இதில் என்ன?

திருப்பதியிலும் சித்தூரிலும் குடியேறி வாழும் நமக்கு இவ்வளவு எதற்கு என்று சிலர் எண்ணலாம். தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழின் வட எல்லையாகக் கூறுகிறது. எல்லையில் வாழ்வோர் இரு மொழிக்கும் நடுவில் நிற்பவர். இரு பக்கத்தாரும் நம்மையே நாடி வருவர். 2013 டிசம்பரில் சேஷாசல வனத்தில் வன அதிகாரிகள் இருவர் கொலையுண்டனர்; அவர்களின் குடும்பங்கள் அடைந்த துயரம் பெரிது. அவ்வழக்கில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் கைதாயினர். பலர் இரண்டாண்டுக்கு மேல் சிறையில் இருந்தனர். 2016-இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கோர்ட்டில் பேசும் மொழி அறியாது, தம் வக்கீலிடம் பேசவும் பிறர் நாவை நம்பி நிற்போரின் நிலையை எண்ணிப் பாருங்கள். எதிரிக்குப் புரியாத மொழியில் சாட்சியம் கூறப்பட்டால் அதைப் புரியும் மொழியில் எடுத்துரைக்க வேண்டும் என்று குற்ற நடைமுறைச் சட்டம் விதித்தது. கோர்ட்டுக்குள் சர்க்கார் அதைச் செய்யும். வக்கீல் அறைக்குள் அதைச் செய்ய வேண்டியவர் நம்மில் ஒருவராயிருக்கலாம்.

ஆகவே காலனி அன்பர்களுக்கு எம் அனுபவத்தில் இரண்டொரு சொல். இவ்வேலைக்கு உங்களை அழைத்தால் மறுக்காதீர்கள். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். வெளியே வந்தபின் வாய் திறவாதீர்கள். முத்திரையிட்ட பார்சலைச் சேர்ப்பிப்பதே குமாஸ்தாவின் வேலை; பிரித்துப் பார்த்து ஊருக்குச் சொல்வதன்று. இன்னொன்றும் நினைவிருக்கட்டும். இக்காப்பு வக்கீலிடமும் அவரைச் சார்ந்தோரிடமும் தொழில் முறையில் சொன்னதற்கு மட்டுமே உண்டு. அண்டை வீட்டாரிடமோ, நண்பரிடமோ, சங்கத்தாரிடமோ சொன்னதற்கு அது கிடையாது. சொன்னவரே சம்மதித்தால் வக்கீல் அதை வெளியிடலாம். எனவே குற்றமற்ற ஒருவனின் விடுதலை அதில் அடங்கியிருப்பின், முதலில் நாட வேண்டியது சொன்னவரின் மனச்சாட்சியையே. அதற்குரியவரும் அவருடைய வக்கீலே. மொழிபெயர்த்தவர் தாமாகப் புறப்பட்டுச் சொல்வது முறையன்று.

சொன்னவர் சம்மதியாவிடில்? இங்கேதான் சட்டம் மௌனமாயிருக்கிறது. எளியோமாகிய எமக்குத் தோன்றுவது இது. சர்க்காரின் இரகசியம் எதிரியின் உயிருக்கு முன் எளிதில் இளக வேண்டும்; ஏனெனில் வழக்கைத் தொடுப்பதும் சர்க்கார், ஏட்டைப் பூட்டுவதும் சர்க்கார். கட்சிக்காரனின் இரகசியமோ அவ்வாறு எளிதில் இளகலாகாது. அது இளகினால் நாளை வரும் ஏழை வாய் திறவான். ஆயினும் அதற்கும் ஒரு சாவி இருத்தல் நலம். கனடா நாட்டார் செய்தது போல், நீதிபதியின் கையில் மட்டும், வேறு வழியே இல்லாதபோது மட்டும், சொன்னவனுக்குத் தீங்கு நேராத வகையில் மட்டும், அது இருக்கலாம். டெர்பி வழக்கில் சொன்ன அச்சத்தை யாம் மறுக்கவில்லை. ஆனால் சிக்காகோ நகரத்துக் கட்டிலடிப் பெட்டியையும் எம்மால் மறக்க முடியவில்லை.

சிலப்பதிகாரம் நாம் யாவரும் அறிந்த கதை. கோவலனைக் குற்றமற்றவனென்று காட்டும் சான்று எங்கோ தொலைவில் இல்லை; கண்ணகியின் சிலம்புக்குள்ளேயே இருந்தது. அதை உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது. பாண்டியன் தன் தவற்றை உணர்ந்தான். ஆனால் அதற்குள் கோவலன் வெட்டுண்டு கிடந்தான். உண்மை வெளிவந்தும் உயிரைக் காக்கவில்லை, காலம் கடந்துவிட்டது. சான்று எவ்விடத்துப் பூட்டிக் கிடப்பினும், உரிய வேளையில் உரியவர் கையால் அது திறக்கப்பட ஒரு வழி வேண்டும் என்பதே மதுரை நமக்குக் கற்பித்த பாடம்.

அந்தப் பெரியவர் ஊர் போகுமுன் ரயிலடியில் எம்மைக் கண்டு கை கூப்பினார். ஒன்றும் பேசவில்லை. யாமும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் அன்று சொன்னதை, சட்டம் விதித்த வண்ணம், இன்றும் எம் நெஞ்சோடு வைத்திருக்கிறோம். அவர் எம்மை நம்பினார். அந்நம்பிக்கைக்கு யாம் செய்யும் கைம்மாறு அதுவே. இம்மலரைப் படிக்கும் இளைஞருள் ஒருவரேனும் சட்டம் பயின்று, இக்கேள்விக்குத் தக்க விடையை நம் நாட்டு நீதிமன்றத்தில் எழுப்புவாராயின், அதுவே எம் விருப்பம் நிறைவேறியதாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!